பினாங்கில் உண்ட சோறு

தோட்டத்துக் கிராணிக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது ஆண்டில் ஒரே ஒரு பருவத்தில்தான். கித்தா மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் அது. மாசி பிறந்ததும் வடக்கே கெடாவில் மழை ஓய்ந்துவிடும். காடு முழுவதும் முதலில் செம்பு நிறமாகும். பிறகு ஒரு வாரத்திற்குள் இலையெல்லாம் உதிர்ந்து, மரங்கள் வெறும் எலும்பாக நிற்கும். விடியற்காலையில் பெரட்டுக்கு வருவோர் காலடியில் சருகு நொறுங்கும் ஓசையே பெரிதாயிருக்கும். புதுத் தளிர் முற்றும் வரையில் பால் சுருங்கிவிடுமாதலின் வெட்டையும் குறைத்துவிடுவார்கள். பால் நிறுவைக் கணக்கு குறையும். செக்ரோல் புத்தகமும் இளைத்துப்போகும். அப்பொழுது துரையிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் இரண்டு நாள் விடுமுறை கிடைத்துவிடும். (மானேஜருக்குத் தோட்டத்தில் இன்னும் துரையென்றுதான் பெயர். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் நிறம் மாறி எத்தனையோ ஆண்டுகளாகியும் பெயர் மட்டும் மாறவில்லை.)

இவ்வாண்டு பங்குனியில் எனக்கு அவ்விதம் இரண்டு நாள் கிடைத்தன. என் தாயாருக்குக் கண்ணில் புரை தோன்றியிருந்தது. பினாங்கிலுள்ள ஒரு கண் மருத்துவரிடம் அவரைக் காட்டவேண்டும் என்பது வெளிப்படையான காரணம். வயிறார உண்பதும், பல ஆண்டுகளாகப் பாராத நண்பர் இருவரைப் பார்ப்பதும் உள்ளத்துக் காரணங்கள்.

உண்பதைப்பற்றிக் கட்டுரை எழுதுவது ஒரு காரியமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆங்கிலக் கட்டுரையாசிரியர்களுள் தலைசிறந்தவராகிய சார்ல்ஸ் லாம் என்பவர் வறுத்த பன்றிக்குட்டியைப்பற்றியே ஒரு முழுக் கட்டுரை எழுதினார். அவரும் ஒரு கிராணிதான். 1792 முதல் 1825 வரை முப்பத்துமூன்று ஆண்டுகள் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலந்தள்ளியவர். அந்தக் கம்பெனிக்காகத்தான் 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடி நாட்டினார். ஆகவே இத்தீவின் மிளகுக் கணக்கு ஏதேனும் ஒருநாள் லாமின் பேனாவின் வழியாகவும் சென்றிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு கிராணித்தனமான மகிழ்ச்சி. அவர் பன்றிக்குட்டியைப் பாடலாமாயின் நான் சோற்றைப்பற்றிச் சொல்லக்கூடாதா?

வியாழக்கிழமை காலை பட்டர்வொர்த் துறையில் இறங்கிப் படகேறினோம். மோட்டார் வண்டிகளையும் மனிதர்களையும் ஒருங்கே சுமந்துகொண்டு, கிழட்டு யானைபோல் அசைந்து சென்ற பழைய பெரிய படகுகள், பயணிகளை ஏற்றுவதை 2020-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்திக்கொண்டன. 2023-இல் வந்த புதுப் படகுகளில் குளிர்ச்சியான அறையும் வரிசையான நாற்காலிகளும் உண்டு, விரைவும் உண்டு. தாயாருக்கு அவை பிடிக்கவில்லை. "கடல் காற்று முகத்தில் அடிக்காவிட்டால் பினாங்குக்குப் போகிறோம் என்று எப்படித் தெரியும்?" என்றார். எனக்கும் அப்படியே தோன்றிற்று. ஆயினும் பினாங்குப் பாலம் 1985-இல் திறந்தபோது படகுக்குச் சாவு வந்துவிட்டதென்று பலர் சொன்னார்கள். படகு இன்னும் ஓடுகிறது.

மருத்துவரின் காரியம் எளிதில் முடிந்தது. புரை இன்னும் பழுக்கவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்காக நாங்கள் காத்திருந்தது நான்கு மணி நேரம். அந்நான்கு மணி நேரத்தைப்பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அன்று மாலை முதல் நண்பரைப் பார்க்க அயர் ஈத்தாம் பக்கம் சென்றோம். அவர் அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்துவிட்டவர். பங்களாவுக்கு வெளியே இரும்புக் கதவு, கதவுக்குள் நாய், நாய்க்கு அப்பால் நண்பர். என்னைக் கண்டதும் அகமகிழ்ந்தார் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த மகிழ்ச்சி முழுவதும் தம் வீட்டைச் சுற்றிக் காட்டுவதிலேயே செலவாயிற்று. புதுச் சமையலறையைக் காட்டினார். அடுப்பில் விரல் பட்டதும் தீ இல்லாமலே சூடேறும் விந்தையை விளக்கினார். அந்த அடுப்பில் ஏதேனும் ஏற்றப்படுமா என்று என் வயிறு ஆவலுடன் எதிர்பார்த்தது. ஆளுக்கு இரண்டு பிஸ்கோத்தும் ஒரு குளிர்பானமும் வந்தன. திரும்பும் வழியில் ஒரு சீனர் கடையில் லக்சா வாங்கி உண்டேன். கானாங்கெளுத்தி மீனைப் புளிநீரில் கொதிக்கவைத்து, புதினாவும் வெங்காயமும் தூவி, கறுத்த இறால் பாகு ஒரு கரண்டி விட்டுத் தருவார்கள். புளிக்குழம்பில் பிறந்து வளர்ந்த தமிழன் நாக்குக்கு அது முதல் கவளத்திலேயே உறவாகிவிடும். தாயார் வாசனையைக் கண்டு விலகி உட்கார்ந்துகொண்டார். நண்பருடைய அடுப்பை அவர் மூன்று முறை புகழ்ந்தார். நான் மறுமொழி சொல்லவில்லை.

இராத் தங்குவதற்குச் சூலியா தெருவில் மலிவான அறை ஒன்று பிடித்திருந்தேன். சோழியர் என்று வழங்கப்பட்ட நம்மவர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் தெரு அது. அதற்கடுத்தாற்போல் உள்ள மார்க்கெட் தெருவுக்கு நம்மவர் வைத்த பெயர் கடைத்தெரு. 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமென்று ஐக்கிய நாட்டு நிறுவனம் இந்நகரை ஏற்றுக்கொண்ட பிறகு வெளிநாட்டார் கூட்டம் பெருகிவிட்டது. அவர்கள் சுவரில் எழுதிய சித்திரங்களுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நாமோ நேரே கறிக்கடைக்குப் போகிறோம்.

நாசி கண்டாரைப்பற்றி அறியாத வாசகர் இந்நாட்டில் இருக்கமாட்டார். எனினும் அதன் பிறப்பை மறந்தவர் பலர் இருக்கலாம். நாசி என்பது மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் காவடிபோல் தடி வைத்துச் சுமப்பது. தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறுமுனையில் கறிக் கூடையுமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, துறைமுகத் தொழிலாளரின் பசியைத் தேடி நடந்தார்கள். இன்று தடி போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது. அன்றிரவு நாங்கள் சென்ற கடையில் பெரிய பெரிய சட்டிகளில் கோழி, ஆடு, கணவாய், மீன்முட்டை, வெண்டைக்காய் யாவும் செந்நிறக் குழம்புகளில் மிதந்தன. பரிமாறுகிறவர் ஒரு குழம்பில் அரைக் கரண்டி, மற்றொன்றில் அரைக் கரண்டி என்று ஐந்தாறு குழம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சோற்றின்மேல் பெருக்கிவிட்டார். இதற்குப் 'பஞ்சிர்' என்று பெயர். வெள்ளம் என்பது பொருள். வெள்ளத்தில் ஒரு குழம்பு தன் குலத்தை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டமுடியாது. அதனாலேதான் அவ்வளவு ருசி.

எங்களுடைய மேசையில் ஒரு சீனக் கிழவரும், இரண்டு மலாய்ப் பெண்களும் இருந்தார்கள். தாயார் கோழிக்கறியும் வெண்டைக்காயும் வைத்துக்கொண்டு ஒரு பருக்கையும் மீதமில்லாமல் உண்டார். கைகழுவிவிட்டு வந்து, "யார் ஆக்கினார்களோ, கை மணக்கிறது, தம்பி!" என்றார்.

அந்தச் சொல்லை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாயாருக்கு அன்று சைவம். காலையில் கடைத்தெருவில் நான்கு இட்டலியும் ஒரு வடையும் உண்டார். வெயில் ஏறியதும் பினாங்கு ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், 1936 முதல் நடந்து வருகிற வண்டிக்கடையில் நின்று செண்டோல் குடித்தோம். பாண்டான் இலைச்சாறு கலந்து பிழிந்த பச்சை நிற மாவுப் புழுக்கள், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, அவித்த சிவப்புப் பயறு, இவற்றின்மேல் சீவிய பனிக்கட்டி. பங்குனி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவோரத்தில் நின்று அதை உறிஞ்சுவதற்கு ஒப்பான இன்பம் அந்தக் குளிர்ந்த அறைகளில் இல்லை. தாயார் கிண்ணத்தைச் சாய்த்து அடியிலிருந்த பாகையும் குடித்துவிட்டார். விற்றவர் சீனர். ஆக்கியவர் யாரோ.

நிற்க. இனி நான் எழுதவேண்டியது என் இரண்டாவது நண்பனைப்பற்றி.

அவன் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர் ஒருவரின் மகன். என் தகப்பனாரும் கிராணியாதலின் எங்கள் வீடு ஆபீசுக்குப் பக்கத்தில் மேட்டின்மேல் இருந்தது. அவர்கள் வீடு கீழ்லயத்தில். நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்திற்குப் பஸ்ஸில் போவேன். அவன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நடந்து போவான். 1999-இல் எங்களுக்கு வயது பதினொன்று. என் புத்தகங்களை வைத்து ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டுமென்பது அவன் ஆசை. கணக்கில் அவன் புலி. எனக்கோ கணக்கென்றால் வயிற்றைக் கலக்கும். (விதி என்று ஒன்று உண்டென நான் நம்புவதில்லை, இருக்குமானால், என்னைக் கணக்கெழுத வைத்த அதற்கு வேடிக்கையும் தெரிந்திருக்கிறது.) ஆகவே மாலைதோறும் அவன் எங்கள் வீட்டுப் பின்திண்ணைக்கு வருவான். அவன் எனக்குக் கணக்கும், நான் அவனுக்கு ஆங்கிலமுமாக இருட்டும் வரையில் உட்கார்ந்திருப்போம்.

என் பாட்டியார் எங்கள் இருவருக்கும் தேநீர் தருவார். எனக்கு எவர்சில்வர் தம்ளரில் வரும். அவனுக்கு நீல விளிம்பிட்ட ஓர் எனாமல் குவளை. அக்குவளை வீட்டினுள் வராது. பின்படிக்கு மேலே, கூரை இறவாணத்தில் அதற்கோர் இடம் உண்டு. குடித்தபின் அவனே குழாயடியில் கழுவி, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். அவ்விதம் செய் என்று ஒருவரும் அவனிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. நான் ஒருநாளும் என் தம்ளரை அவனிடம் நீட்டியதில்லை. ஏன் பாட்டி என்று ஒரு கேள்வி கேட்டதுமில்லை.

சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்களென்று தமிழ்நாடு கொதித்து எழுந்தது 1920-களின் நடுவில். அக்கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவராகிய பெரியார் ஈ. வெ. ராமசாமி இந்தப் பினாங்குத் துறையிலேயே வந்து இறங்கியது 1929 டிசம்பரில். அப்பொழுது என் பாட்டியார் பிறந்திருக்கவில்லை. அதற்குச் சரியாக எழுபது ஆண்டு கழித்து, அதே கடலிலிருந்து ஒரு நாள் தொலைவும் இல்லாத ஒரு தோட்டத்தில், அந்தக் குவளை இறவாணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சாதி இன்னதென்றோ அவர்கள் சாதி இன்னதென்றோ நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசகருள் சிலர், "அப்படியா, அதனால்தானா" என்று தலையாட்டிவிடுவார்கள். கடல் கடந்து வந்து, ஒரே கப்பலில் வாந்தியெடுத்து, ஒரே துரையிடம் ஏச்சுக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் என்பது மட்டும் போதும்.

2004-இல் தோட்டத்தின் கீழ்ப்பகுதி வீடுகள் கட்டுவதற்காக விற்கப்பட்டது. கீழ்லயம் காலியாயிற்று. அவன் குடும்பம் பினாங்குக்குப் பெயர்ந்தது. பாயான் லெப்பாசில் 1972 முதல் எழுந்த தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, இரவில் வேலையும் பகலில் படிப்புமாக இருந்து, இன்று அங்கேயே மேற்பார்வையாளனாக இருக்கிறான். நான் மேட்டு வீட்டிலேயே இருக்கிறேன்.

பாயா தெருபோங்கில் வானளாவி நிற்கும் அடுக்கு வீடுகளில் ஒன்றின் பதினான்காவது மாடியில் அவன் குடியிருக்கிறான். கதவைத் திறந்தது அவனுடைய தாயார். "வாங்க கிராணியம்மா, வாங்க!" என்று என் தாயாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். செக்ரோலில் என் தகப்பனார் அவர் பெயருக்கு நேரே எத்தனை ஆயிரம் முறை கோடிட்டிருப்பாரோ! முழங்கால் வலியால் இப்பொழுது நடை தளர்ந்துவிட்டது. ஆனால் குரல் அதே குரல்.

அரைமணி நேரம் இரு தாய்மாரும் தோட்டத்துக் கதை பேசினார்கள். யார் இறந்தார், யார் மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், கோயில் அரச மரத்தை வெட்டிவிட்டார்களாமே, உண்மைதானா என்றெல்லாம். கேட்டுக்கொண்டிருந்த நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். என் உள்ளத்தில் பாரம் குறைந்தாற்போல் இருந்தது.

பிறகு அந்த அம்மாள் எழுந்து, "வெள்ளிக்கிழமை, கிராணியம்மாவுக்குச் சைவம் என்று எனக்குத் தெரியாதா? எல்லாம் சைவமாகவே ஆக்கியிருக்கிறேன். அடுப்பை நேற்றே கழுவிவிட்டேன். சட்டியும் புதுச்சட்டி" என்று சொல்லி வாழையிலை போட்டார்.

புதுச்சட்டி என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது. அந்த அம்மாள் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

தாயார் இலையைப் பார்த்தார். "எனக்கு வேண்டாம். காலையிலிருந்தே வயிறு மந்தமாயிருக்கிறது. தம்பி சாப்பிடட்டும்" என்றார்.

நான்கு இட்டலியும் ஒரு வடையும், அடிப்பாகு வரையில் ஒரு கிண்ணம் செண்டோலும் உண்ட வயிறு அது. முன்னிரவில் முகந்தெரியாதவர் கையால் ஆக்கிய கோழிக்கறியைப் போற்றிய வாய் அது. கடைக்காரன் யாரென்று கேட்பதற்கில்லை. காசு கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது. இங்கே கை யாருடையதென்று தெரியும், தெரிந்ததுதான் தடை. இதை அக்கணத்தில் நான் உணர்ந்தேன். நண்பனும் உணர்ந்தான், அவன் கண்கள் என் பக்கம் வரவில்லை.

அந்த அம்மாள் வற்புறுத்தவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்திற்று. விருந்தாளி ஒருமுறை மறுத்தால் ஒன்பது முறை வற்புறுத்துவது நம்மவர் வழக்கம். அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. உள்ளே சென்று, ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்து, "பழமாவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நெருப்பில் ஏறாத பொருளுக்குத் தீட்டில்லை என்ற சாத்திரம் அவருக்கும் தெரிந்திருந்தது. தாயார் ஒரு பழத்தை எடுத்து உரித்து உண்டார்.

நான் இலையின்முன் உட்கார்ந்தேன். சாம்பாரில் முருங்கைக்காய், பக்கத்தில் வாழைக்காய்ப் பொரியல், கீரைக் கூட்டு, மாங்காய்ப் பச்சடி, அப்பளம். கடைசியில் வந்த மிளகு ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தேன். தோட்டத்தில் மழை நாளில் லயத்துப் பக்கம் நடந்தால் வீசும் வாசனை அந்த ரசத்தில் இருந்தது. அதைப் பத்தாண்டுக் காலம் முகர்ந்திருக்கிறேன். நாவில் பட்டது அன்றுதான். மூன்று முறை சோறு வாங்கினேன். குற்றத்திற்குக் கழுவாய் தேடுபவனைப்போல் உண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் சொல்லலாகாது. ருசிக்காகவே உண்டேன். பிறகுதான் வெட்கம் வந்தது.

உண்டபின் நானும் நண்பனும் வெளித் தாழ்வாரத்தில் நின்றோம். கீழே மோட்டார் வண்டிகள் எறும்புபோல் ஊர்ந்தன. எத்தனையோ சங்கக் கூட்டங்களில் சாதியொழிப்பைப்பற்றி முழங்கியவன் நான். அன்று ஒரு வாக்கியம் கோர்க்க நாக்கு எழவில்லை. கடைசியில், "பழைய நாளில், எங்கள் வீட்டுப் பின்திண்ணையில் உனக்கு..." என்று தொடங்கினேன்.

"இஞ்சித் தேநீர்!" என்றான் அவன். "உன் பாட்டி இஞ்சியை நசுக்கிப் போடுவார்கள். அந்த ருசி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குவளையும் நினைவிருக்கிறது" என்றான். "அடியில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாய் இருக்கும். கழுவும்போதெல்லாம் அந்தப் புள்ளியைப் பார்ப்பேன். அம்மாவிடம் நான் சொன்னதில்லை."

"நான் கேட்டிருக்கவேண்டும்" என்றேன்.

"ஆம்" என்றான்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லாதது நல்லதே. பிறகு அவன் மகளின் படிப்பைப்பற்றியும், என் மகன் கணக்கில் என்னைப்போலவே இருப்பதைப்பற்றியும் பேசினோம். கணக்குச் சொல்லித்தர அவனை அனுப்பு என்றான். விடுமுறையில் அனுப்புகிறேன் என்றேன்.

விடைபெறும்போது அந்த அம்மாள் ஒரு மூன்றடுக்குத் தூக்குப்பாத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தாயார் கையில் கொடுக்கவில்லை. "ரயிலில் பசிக்கும், தம்பி" என்றார்.

இறங்கும் மின்தூக்கியில் தாயாரிடம் என்னென்னவோ சொல்லவேண்டுமென்று எனக்குள் பொங்கிற்று. படித்ததும் முழங்கியதும் எல்லாம் தொண்டையில் வந்து நின்றன. அவர் கண்ணில் புரையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதுவும் பின்திண்ணையில் இருந்த அதே மௌனந்தானோ, வேறொன்றோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படகில் இக்கரை வந்து பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் உட்கார்ந்தோம். வடக்கே போகும் வண்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது. மணி ஆறைக் கடந்துவிட்டது. காலைக்குப் பிறகு தாயார் உண்டது ஒரு பழம். ரொட்டி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். காப்பி? வேண்டாம். தூக்குப்பாத்திரம் எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சியின்மேல் இருந்தது. சிறிது நேரம் கழிந்தது. ஒரு சரக்கு வண்டி போயிற்று.

"அதில் என்ன வைத்திருக்கிறாள்?" என்றார்.

திறந்தேன். மேலடுக்கில் மாங்காய் ஊறுகாயும் வாழைக்காய்ப் பொரியலும். மற்ற இரண்டிலும் கடுகு தாளித்த தயிர்ச்சோறு. தாயார் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கையைக் கழுவிக்கொண்டார். ஓரடுக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் முதுகு காட்டியவாறு சற்றுத் திரும்பி உட்கார்ந்தார். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்ணும் ஓசை மட்டும் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

"உப்பு கொஞ்சம் தூக்கலாய் இருக்கிறது" என்றார்.

"அப்படியா?"

"அப்பொழுதெல்லாம் கோயில் பொங்கலில் அவள் கூழ் காய்ச்சினாலும் உப்பு தூக்கல் என்றுதான் சொல்வார்கள். நான் குடித்ததில்லை." இன்னும் ஒரு கவளம் உண்டுவிட்டு, "ஊறுகாய் நன்றாயிருக்கிறது" என்றார். வண்டி வருவதற்குள் ஓரடுக்குக் காலியாயிற்று. அவரே எழுந்து, குழாயைத் தேடிச் சென்று, அதைக் கழுவிக் கொண்டுவந்து அடுக்கினார்.

சுங்கைப் பட்டாணிக்கு வரும் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். இறங்கும் சமயத்தில், "பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கக் கூடாது, தம்பி" என்றார்.

இதை எழுதும்பொழுது கித்தா மரங்களில் தளிர் முற்றிவிட்டது. பால் பெருகிவிட்டது. செக்ரோல் பழையபடி தடித்துவிட்டது. இனிச் சில மாதங்களுக்கு விடுமுறை என்ற பேச்சை எடுப்பதற்கில்லை. தூக்குப்பாத்திரம் எங்கள் வீட்டு அடுக்களையில், மற்றப் பாத்திரங்களோடு இருக்கிறது. நேற்றுக் காலை நான் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் தாயார் வாசல்வரை வந்தார்.

"கண் டாக்டர் ஆறு மாதம் கழித்து வரச்சொன்னார். அத்தனை நாள் அவள் பாத்திரம் இங்கே இருக்கலாமா? அவளுக்கும் வேண்டியிருக்குமே" என்றார். "அதிரசம் சுட்டால் எத்தனை நாள் தாங்கும்?"